ஊவாவின் பருவங்களும் மண்புழுவின் பெருக்கமும்

ஊவா மாகாணத்துத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனிப்பெயர் ஒன்றுண்டு. அப்பெயரைத் தேடிக் கொடுத்தது மழையன்று, காற்று. ஆண்டுதோறும் தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைச்சாரலிலே தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டு, மத்திய மலைத்தொடரைக் கடந்து, ஈரம் இழந்த வெறுங்காற்றாக ஊவாவின் சரிவுகளில் இறங்குகின்றது. கிழக்கிலுள்ளோர் கச்சான் என்று வழங்கும் இக்காற்று வீசும் நாட்களில் தேயிலைக் கொழுந்து மெல்லவே துளிர்க்கின்றது. மெல்லத் துளிர்ப்பதனாலேயே அதன் மணமும் செறிகின்றது. ஆடி, ஆவணி மாதங்களிற் பறிக்கப்படும் ஊவாக் கொழுந்து உயர்ந்த விலைக்குப் போவதன் காரணம் இதுவே.

தோட்டக் கணக்கேட்டிலே இது நற்காலம். ஆனால் அதே நாட்களில், அதே செடியின் காலடியில், மண்ணுக்குள் வாழும் ஓர் உயிர் இரை எடுப்பதை நிறுத்திவிடுகின்றது. இனம் பெருக்குவதை நிறுத்திவிடுகின்றது. இயன்றால் ஆழத்துக்குச் சென்று சுருண்டு கிடக்கின்றது, இயலாவிட்டால் மடிகின்றது. அவ்வுயிர் மண்புழு. இலைக்கு உகந்த பருவம் ஒன்று. மண்ணுக்கு உகந்த பருவம் வேறொன்று. ஊவாவின் ஆண்டு இவ்வாறு இரண்டு கணக்குகளில் ஓடுகின்றது. முதற் கணக்கை நூற்றைம்பது ஆண்டுகளாக நாம் கவனமாக எழுதி வந்திருக்கின்றோம். இரண்டாவதை எழுதத் தவறியதால் விளைந்தது யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

தமிழருக்கு மண்புழு புதிய அறிமுகம் அன்று. நாங்கூழ் என்று பழைய நூல்கள் இதனைக் கூறும். சித்த மருத்துவர் இதனைப் பூநாகம் என்பர். பூமிக்குள் வாழும் நாகம் என்னும் அப்பெயரிலே சிறிது அச்சமும் சிறிது மதிப்பும் கலந்திருக்கின்றன. இலங்கை மண்ணுக்கும் இவ்வுயிருக்கும் உள்ள தொடர்பும் பழையதே. ஆங்கிலப் படையில் மருத்துவராக இத்தீவிற் பணிபுரிந்த இராபர்ட் டெம்பிள்டன் என்பார், இங்கு கண்ட நீலநிறப் பெரும் மண்புழு ஒன்றை 1844ஆம் ஆண்டிலே விவரித்து, மெகாசுகோலெக்சு என்னும் இனப்பெயரை உலக விஞ்ஞானத்துக்கு அளித்தார். காட்டு மண்ணுக்கு உரிய அப்புழுக்கள் காட்டு நிழலையும் காட்டுச் சருகையும் நம்பி வாழ்ந்தவை. மலைக்காடுகள் அழிந்து தோட்டங்களான போது நிழலும் சருகும் சேர்ந்தே நீங்கின என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட இடத்தைச் சிறிது நோக்குவோம். பதுளையிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை பசறையைக் கடந்து, லுணுகலை வழியாக இறங்கி, பிபிலை, மகா ஓயா என்னும் ஊர்களினூடே செங்கலடியில் மட்டக்களப்புச் சமவெளியைச் சேர்கின்றது. மலையின் குளிரும் சமவெளியின் வெம்மையும் சந்திக்கும் இடைநிலத்தில் லுணுகலை இருக்கின்றது. மேலே மடுல்சீமையின் உயர்ந்த மலைகள். கீழே பிபிலைப் பக்கத்துப் பத்தனைப் புல்வெளிகள். ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்கள் இச்சரிவுகளிலேயே பரந்திருக்கின்றன. முகம் கிழக்கு நோக்கியதாதலால், ஐப்பசி முதல் மார்கழி கழியும் வரை வாடையோடு வரும் பருவமழை இவ்வூருக்கு முழுமையாகக் கிடைக்கின்றது. சித்திரை மாதத்திலே மாலைவேளைகளில் இடியுடன் கூடிய மழை உண்டு. ஆனி முதல் ஆவணி வரை வறட்சி. ஓராண்டில் இரண்டு ஈரக்காலம், ஒரு நீண்ட உலர்காலம், தை மாசியிற் குளிர்ந்த இரவுகளோடு ஓர் இடைக்காலம் என்று இவ்வூரின் பருவத்தைச் சுருக்கிச் சொல்லலாம்.

இம்மலைகளின் வரலாற்றிலே பருவத்தை மறந்ததன் தண்டனை முதன்முதலிற் கோப்பிக்கு வந்தது. 1869ஆம் ஆண்டில் லுணுகலைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமையிலே, ஒரு தோட்டத்தின் சில கோப்பிச் செடிகளில், இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் கண்டனர். ஒரு சில செடிகளில் தொடங்கிய அத்துரு நோய் சில ஆண்டுகளுள் தீவெங்கும் பரவியது. 1870களின் இறுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கர் வரை விரிந்திருந்த கோப்பிப் பயிர், அந்நூற்றாண்டு முடியுமுன் பெரும்பாலும் மறைந்தொழிந்தது. நோயின் காரணத்தை ஆராய 1880இல் இலங்கை வந்த ஹரி மார்ஷல் வார்டு என்னும் இளம் அறிஞர், ஈரம் படிந்த இலையிலேயே அந்நோயின் வித்து முளைக்கின்றது என்றும், பருவக்காற்று அதனை மலைக்கு மலை சுமந்து செல்கின்றது என்றும் நிறுவினார். மழைக்காலம் என்பது கணக்கேட்டில் ஒரு வரி மட்டுமன்று. ஒவ்வோர் உயிரும் அதனைத் தன் போக்கிற் பயன்படுத்திக் கொள்கின்றது என்பதைக் கோப்பித் துரைமார் பெரும்பொருள் இழந்து கற்றனர்.

வார்டு இலங்கையில் இலையை நோக்கிக் கொண்டிருந்த அதே நாட்களில், இங்கிலாந்திலே முதுமையெய்திய சார்ல்சு டார்வின் மண்ணை நோக்கிக் கொண்டிருந்தார். 1837ஆம் ஆண்டிலேயே மண்புழுவைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வாசித்திருந்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1881இல், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், அப்பொருள் பற்றிய தம் முழுநூலை வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பாகங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஓராண்டிலே பத்துத் தொன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகின்றது என்று அவர் கணக்கிட்டார். இந்நூலுக்காக நமது நீலகிரி மலையிலிருந்தும் புழுவின் எச்சக் குவியல்கள் அவருக்கு அனுப்பப்பட்டன என்பது தமிழ்நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. மண்ணை உழுவது மனிதன் கண்ட கலை என்று எண்ணியிருந்தோருக்கு, ஏர் தோன்றுமுன்னரே உழுது கொண்டிருந்த உழவன் ஒருவன் உண்டென்று அந்நூல் உணர்த்தியது.

எனினும், கோப்பி போய்த் தேயிலை வந்த மலைகளில் அப்பாடம் உடனே ஏறவில்லை. புல்பூண்டு ஒன்றும் இல்லாது நிலத்தைச் சுரண்டித் துப்புரவாக வைத்திருப்பதே சிறந்த தோட்டத்தின் அடையாளம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மூடுவதற்கு ஒன்றுமில்லாத அம்மண் ஐப்பசி மழையிலே கானோடு ஓடி ஆற்றிற் கலந்தது; ஆடி வெயிலிலே ஓடாய் இறுகியது. மண்ணரிப்பின் கொடுமையை அரசு உணர்ந்து மண்பாதுகாப்புச் சட்டம் இயற்றியது 1951ஆம் ஆண்டிலேதான். 1925இல் நிறுவப்பட்டுப் பின்னர்த் தலவாக்கலையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் புதுக்கன்று நடுமுன், ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும் என்று விதித்தது. மண் தேறுவதற்குக் காலம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட விதி அது.

இம்மண்ணில் உழைக்க வந்த மக்களுக்கு எருவின் அருமை தெரியாததன்று. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் ஊரிலே எருக்குழியைச் செல்வமாகப் போற்றியவை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது அவர்களுடைய வாய்மொழி. ஆடிக்கு முன்னரே குழியிலிருந்து மக்கிய எருவை வாரிக் கொல்லைக்குக் கொண்டு செல்வது அவர்களுடைய வழக்கம். ஆனால் ஊவாவின் ஆடி, ஊரின் ஆடி அன்று. அங்கே புதுப்புனல் வரும் மாதம்; இங்கே கச்சான் காய்ச்சும் மாதம். மாதத்தின் பெயர் ஒன்றே, மண்ணின் நிலை வேறு. லயத்தின் பின்புறத்திலே பசு ஒன்றும் சிறு மரக்கறிப் பாத்தி ஒன்றும் வைத்திருப்போருக்கு, எருக்குழியின் நாட்காட்டியை இவ்வூருக்கேற்ப மாற்றி எண்ண வேண்டியதாயிற்று.

அந்நாட்காட்டியை விளங்கிக் கொள்வதற்குப் புழுவின் வாழ்க்கையைச் சிறிது அறிதல் வேண்டும். மண்புழுக்கள் யாவும் ஒரே வகையின அல்ல. பிரெஞ்சு அறிஞர் பூஷே 1970களில் அவற்றை மூன்றாகப் பகுத்தார். மேற்பரப்புச் சருகிலும் சாணத்திலும் வாழ்வன ஒருவகை. மண்ணின் உள்ளேயே வாழ்ந்து மண்ணையே உண்பன மற்றொரு வகை. ஆழ்ந்த வளை தோண்டி, இரவிலே மேலே வந்து சருகை உள்ளிழுத்துச் செல்வன மூன்றாம் வகை. தேயிலைச் செடியின் வேரருகே நாம் காணும் புழு பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பிரேசில் நாட்டில் 1857இல் விவரிக்கப்பட்டு, பயிர்க்கன்றுகளின் வேர்மண்ணோடு வெப்பநாடுகள் எங்கும் பரவிய பொந்தோசுகோலெக்சு என்னும் புழு இவ்வகையினது. எருக்குழியிலே குப்பையைக் கூட்டெருவாக்கும் புழுவோ முதல் வகையைச் சேர்ந்தது. இவ்வேற்றுமை அறியாமல், குழிப்புழுவைக் கொண்டுபோய்த் தேயிலை மண்ணில் விட்டுவிட்டு அது பெருகும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. மக்கும் பொருள் இல்லாத இடத்தில் அதற்கு வாழ்வில்லை.

புழுவுக்கு நுரையீரல் இல்லை. ஈரமான தோலினாலேயே அது மூச்சுவிடுகின்றது. உடலின் பெரும்பகுதியும் நீரே. ஆகவே ஈரம் குறைதல் என்பது அதற்குத் தாகம் மட்டுமன்று. மூச்சுத் திணறலும் ஆகும். ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணுமாக இருப்பினும், இரண்டு புழுக்கள் கூடியே வித்தைப் பரிமாறிக் கொள்கின்றன. வளர்ந்த புழுவின் முன்பாகத்திலே தடித்த பட்டை போன்றதொரு வளையம் காணப்படும். அவ்வளையம் சுரக்கும் நீர் இறுகிச் சிறிய கூடாகின்றது. அக்கூட்டினுள் முட்டைகள் அடங்குகின்றன. கடுகினும் சற்றுப் பெரிதாய், எலுமிச்சம்பழ வடிவில், மஞ்சளாய்ப் பின் பழுப்பாய் மாறும் இம்முட்டைக்கூடுகளைக் குழியைக் கிளறும் எவரும் காணலாம். ஈரம், வெப்பம், உணவு என்னும் மூன்றும் ஒத்திருக்கும் நாட்களிலேயே வளையம் தடிக்கும், கூடும் பிறக்கும். இம்மூன்றில் ஒன்று பிசகினும் பெருக்கம் நின்றுவிடும்.

பருவமழை நாடுகளில் இவ்வுண்மை நன்கு ஆராயப்பட்டிருக்கின்றது. இரங்கூன் நகரிலே ஜட்சன் கல்லூரியில் ஆசிரியராயிருந்த கேற்சு என்னும் அமெரிக்கர், பர்மாவின் மண்புழுக்களை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து, 1972இல் பெருநூலாக வெளியிட்டார். மழை வந்தபின் புழுக்கள் முதிர்ச்சி எய்தி இனம் பெருக்குவதும், வறட்சியில் ஆழத்திலே ஒடுங்குவதும் அங்கே ஆண்டுதோறும் நிகழும் ஒழுங்கு. ஒரிசாவிலுள்ள சம்பல்பூர்ப் பல்கலைக்கழகத்தார் 1970களில் புல்வெளிகளில் நடத்திய ஆய்வுகளும், மழைக்காலத்தில் புழுக்களின் தொகை உயர்ந்து கோடையில் வீழ்வதைக் காட்டின. ஆழத்தில் ஒடுங்கவல்ல புழுவுக்கு வறட்சி உறக்கமாகின்றது. மேற்பரப்பில் வாழும் குழிப்புழுவுக்கு அப்புகலிடம் இல்லை. ஆகவே இயற்கை அதற்கு வேறொரு வழியைத் தந்திருக்கின்றது. விரைந்து வளர்தல், நிறைய ஈனுதல், தாய் மாண்டாலும் வறட்சியை ஓரளவு தாங்கவல்ல முட்டைக்கூடுகளை விட்டுச் செல்லுதல் என்பனவே அவ்வழி. முதல் மழைக்குப் பின் எங்கிருந்தோ வந்தாற் போல் சாணக் குவியலில் நூல்போன்ற குஞ்சுகள் நெளிவதன் காரணம் இதுவே. மழையோடு புழு வானத்திலிருந்து விழுவதாகச் சிறுவர் எண்ணுவதும் இதனாலேதான்.

கூட்டெருவுக்கென்று நம் நாடுகளில் வளர்க்கப்படும் புழுக்கள் மூன்று. ஐரோப்பாவிலிருந்து உலகெங்கும் பரவிய ஐசீனியா பெற்றிடா என்னும் செம்புழு ஒன்று. மேற்காபிரிக்காவுக்கு உரிய யூதிரிலசு என்னும் பெரும்புழு மற்றொன்று. 1872இல் சைகோனிலிருந்து விவரிக்கப்பட்டதும் நம் ஆசிய நிலங்களுக்கே உரியதுமான பெரியோனிக்சு என்னும் ஊதா நிறப் புழு மூன்றாவது. ஏறத்தாழ 25 பாகை செல்சியசு வெப்பமும் போதிய ஈரமும் இருப்பின், செம்புழுவின் முட்டைக்கூடு மூன்று வார அளவிற் பொரிக்கின்றது. ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சுகள் வரும். குஞ்சு ஏழெட்டு வாரங்களில் முதிர்ச்சி எய்தும். ஆகவே ஒரு தலைமுறைக்குச் சுமார் பத்துப் பதினொரு வாரங்கள் வேண்டும். பெரியோனிக்சு இன்னும் விரைந்து முதிர்வது. ஆனால் அதன் கூட்டிலிருந்து பெரும்பாலும் ஒரு குஞ்சே வரும். ஆபிரிக்கப் புழு விரைந்து பருப்பதாயினும் குளிருக்கு ஆற்றாதது. நுவரெலியாவின் மார்கழிக் குளிரில் அது தளரும். லுணுகலைக்குக் கீழே பிபிலைப் பக்கத்து வெம்மையில் அது செழிக்கும். செம்புழுவோ குளிரைத் தாங்கும். எனினும் குளிர் மிகுந்தால் முட்டைக்கூடு பொரிக்கும் காலம் மிக நீளும்.

இவ்வெண்களை லுணுகலையின் பருவத்தோடு பொருத்திப் பார்ப்போம். சித்திரை மழையிலே ஒருமுறை குழி உயிர்பெறுகின்றது. வைகாசி வரை புழு பெருகும். ஆனியிலே கச்சான் தொடங்கியதும் குவியலின் மேற்பரப்பு காய்கின்றது. புழு அடியிலே ஈரமுள்ள ஓரிடத்தில் திரள்கின்றது. முட்டையிடல் குறைந்து நிற்கின்றது. ஐப்பசி வரை, ஏறத்தாழ நான்கு மாதங்கள், தானாக விடப்பட்ட குழி வெறுமே கிடக்கின்றது. ஐப்பசி மழையோடு இரண்டாம் பெருக்கம் தொடங்கும். ஆயினும் கார்த்திகையில் மழை அளவு மீறும்போது மற்றொரு துன்பம் நேர்கின்றது. தரைக்குள் தோண்டிய குழியில் நீர் தேங்கிக் காற்றுப் புகாது போகின்றது. எருவின் சத்துக் கரைந்து ஓடுகின்றது. புழுக்கள், சிறப்பாகப் பெரியோனிக்சு இனத்தவை, இரவோடிரவாகக் குழியை விட்டு வெளியேறிவிடுகின்றன. தை, மாசியில் மழை தணிந்து ஈரம் எஞ்சியிருக்கும் நாட்கள் நல்லவை. இரவின் குளிர் மட்டும் சிறிது தாமதம் செய்யும். இவ்வாறு கணக்கிட்டால், மனிதன் கைகொடுக்காத குழியில் ஓராண்டில் இரண்டு, மிஞ்சினால் மூன்று தலைமுறைகளே முற்றுப்பெறும். நிழலும் நீரும் வடிகாலும் கொடுத்துப் பேணிய படுக்கையில் நான்கு தலைமுறைகள் கைகூடும். ஒவ்வொரு தலைமுறையும் முன்னதைப் பலமடங்காக்குவது ஆதலால், அந்த இரண்டுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு இருமடங்கு மட்டும் அன்று என்பதை நேயர்கள் உய்த்துணர்வர்.

மண்ணின் இக்கணக்கை வேளாண்மை உலகம் முற்றாக மறந்திருந்தது என்றும் சொல்லல் இயலாது. இந்தூர் நகரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹவார்டு, இந்திய உழவர்களின் எருமுறைகளைக் கூர்ந்து கற்று, இந்தூர் முறை என்னும் கூட்டெரு முறையை வகுத்தார். 1930களில் இந்தியாவிலும் இலங்கையிலும் சில தேயிலைத் தோட்டங்கள் அம்முறையைக் கைக்கொண்டன. 1945இல் டார்வினின் மண்புழு நூல் மறுபதிப்பான போது அதற்கு முன்னுரை எழுதியவரும் ஹவார்டே. ஆனால் போருக்குப் பின் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்த இரசாயனப் பசளை மூட்டை, குழியின் பொறுமைக்கு இடமளிக்கவில்லை. மூட்டைக்குப் பருவம் இல்லை. கப்பல் வந்தால் போதும். மழை கண்டதும் தூவலாம். அம்மூட்டை விளைச்சலை உயர்த்தியது என்பதையும் நாம் மறுத்தலாகாது. மறுக்க வேண்டியது, மூட்டை இருக்கும்போது புழு எதற்கு என்ற எண்ணத்தையே.

இவ்வெண்ணம் தவறென்பதற்குச் சான்று தமிழ்நாட்டு மலைகளிலிருந்தே கிடைத்தது. 1990களில் வால்பாறைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களில், ஒரிசாவைச் சேர்ந்த சேனாபதி, பிரெஞ்சு அறிஞர் இலவெல் ஆகியோரும் தோட்ட நிறுவனத்தாரும் சேர்ந்து ஒரு முயற்சி செய்தனர். நெடுங்காலம் பயிரிடப்பட்ட தேயிலை மண்ணில் மண்வாழ் உயிர்கள் பெருமளவு குன்றியிருந்ததை அவர்கள் முதலிற் கண்டனர். பின்பு செடிவரிசைகளுக்கிடையே கான் போல அகழ்ந்து, கவ்வாத்துக் கழிவையும் எருவையும் இட்டு, மண்புழுக்களையும் அவற்றுட் சேர்த்தனர். அவ்வாறு செய்த இடங்களில் விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. இரசாயனப் பசளையோடு பகைத்துக் கொண்டு செய்த வேலை அன்று அது. மண்ணின் உயிரை மீட்டெடுத்து, இட்ட பசளையும் பயன்படுமாறு செய்த வேலை.

இரு கணக்குகளும் நேருக்கு நேர் மோதிய ஆண்டு நம் நாட்டில் 2021. அவ்வாண்டு மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் தடைசெய்து, நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்று பணித்தது. நோக்கம் எத்தகையதாயினும், நாளைப் பாருங்கள். மே மாத நடுவில் வைகாசி பிறக்கின்றது. அடுத்த மாதம் கச்சான். ஊவாவில் ஒரு குழியைப் புதிதாகத் தொடங்குவோன், புழு பெருகாத நான்கு மாதங்களின் வாயிலிலே நிற்கின்றான். ஐப்பசிக்கு முன் தேயிலைக்கும், பெரும்போக நெல்லுக்கும், மரக்கறிக்கும் வேண்டிய எருவெல்லாம் ஆயத்தமாக வேண்டும் என்றால், அதனை எந்தப் புழு செய்யும்? பருவங்கள் பலவற்றில் மெல்லக் கட்டியெழுப்ப வேண்டியதை ஒரே வறட்சியில் எழுப்பச் சொன்ன கட்டளை அது. நவம்பர் மாதத்தில் தடை நீக்கப்பட்டது. எனினும் பசளைத் தட்டுப்பாடும் விலையேற்றமும் தொடர்ந்தன. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, பொருளாதார நெருக்கடியும் சேர்ந்த 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்தால் கொழுந்தெடுப்போரின் வேலைநாளும் குறையும். லயத்து அடுப்புக்கு அச்செய்தி புள்ளிவிவரத்துக்கு முன்னரே வந்து சேர்ந்துவிடும்.

இதனால் சேதனப் பசளை பயனற்றது என்று முடிவுகட்டுவோர் உளர். அம்முடிவும் பிழையே. புழு தோற்றதன்று, புழுவுக்குரிய காலம் கொடுக்கப்படவில்லை. காலம் கொடுத்தால் யாது செய்யலாம் என்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டுவதில்லை. மழைமிகும் இச்சரிவுகளில் தரைக்குள் குழி தோண்டுவதை விட, தரைக்கு மேல் கல்லடுக்கி எழுப்பிய படுக்கையே நன்று; நீர் தானே வடியும். மேலே மானாப்புல் வேய்ந்த கூரை வேண்டும். அது கார்த்திகை மழையைத் தடுக்கும், ஆடி வெயிலையும் தடுக்கும். வறண்ட மாதங்களில் வாழைத்தண்டும் ஈரச்சாக்கும் மூடிவைத்து, பிழிந்த துணி போன்ற ஈரம் என்றும் நிற்குமாறு தெளித்தல் வேண்டும். பசுஞ்சாணம் கொதிப்பு உடையது. இரண்டு வாரமாவது ஆறிய பின்னரே இடவேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது, ஆனி பிறக்குமுன் ஒரு சிறுபங்குப் புழுவையும் முட்டைக்கூடுகளையும் நீர்க்குழாய்க்கு அருகே நிழலான ஓரிடத்திலே விதைப்புழுவாகப் பேணி வைத்தல். விதைநெல்லை உண்ணாமற் காத்த குடியினருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசியின் முதல் மழையில் அவ்விதைப்புழுவை விரித்தால், வெறுங்குழியில் தொடங்குவோனை விட ஒரு தலைமுறை முந்திவிடலாம்.

எனினும், இவையெல்லாம் ஒரு கேள்வியிலே போய் முடிகின்றன. ஆண்டுக்கணக்கில் ஒருவன் மண்ணைத் தேற்ற வேண்டுமாயின், அம்மண் தன்னிடம் நிலைக்கும் என்ற நம்பிக்கை அவனுக்கு வேண்டும். இம்மலைகளின் மக்களுக்கு அந்நம்பிக்கை எளிதிற் கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் பலரைக் கடல்கடந்து அனுப்பியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு வந்தது. உரிமையாளர் மாறிமாறி வந்த போதும், லயத்தைச் சுற்றிய பாத்திக்கு உறுதி எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் பேச்சாகவே நின்றது. பருவமழை அவர்களுக்கு மகிழ்ச்சியை மட்டும் கொண்டு வருவதும் அன்று. 2014 அக்டோபர் 29ஆம் நாள், இதே பதுளை மாவட்டத்தின் கொசுலந்தைப் பகுதியில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை சரிந்து மூடியது. புழு பெருகத் தொடங்கும் அதே மழையிலே, மனிதன் மலையை அண்ணாந்து பார்த்து அஞ்சவும் வேண்டியிருக்கின்றது. நாளை வேறிடத்துக்குப் பெயர்க்கப்படலாம் என்று எண்ணுவோன், மூன்றாண்டு கழித்துப் பலன் தரும் மண்ணை வளர்ப்பான் என்று எதிர்பார்த்தல் நியாயமன்று. புழுவுக்குக் காலம் வேண்டும். புழுவைப் பேணுவோனுக்கு நிலம் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்துப் பேசுதல் பொருந்தாது.

பசறையிலே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையம் இருக்கின்றது. ஊவாவின் பருவங்களை அறிந்த பெரியோர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கின்றனர். எந்த மாதத்தில் குவியல் காய்கின்றது, எந்த வாரத்தில் முதற் குஞ்சு தோன்றுகின்றது, எந்த மழையில் குழி தேங்குகின்றது என்பவற்றை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியிலே மூன்றாண்டு தொடர்ந்து குறித்து வைத்தால், அது அவ்வூருக்குரிய மண்ணின் கணக்கேடாகிவிடும். மலைக்கு மலை காற்றும் மழையும் மாறுவதால், மடுல்சீமையின் கணக்கு லுணுகலைக்கு முற்றும் பொருந்தாது. லுணுகலையின் கணக்கு பிபிலைக்குப் பொருந்தாது. மழை பெய்யும் நாட்களே முன்போல் நிலையாக இல்லாத இக்காலத்தில், பழைய பழக்கத்தை மட்டும் நம்பியிருத்தலும் போதாது. இந்த ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும், நாளைக் குறித்துக் கொண்டு குழியை மெல்லக் கிளறிப் பாருங்கள். எலுமிச்சம்பழ வடிவில் ஒரு சிறு கூடு கண்ணிற் பட்டால், அதிலிருந்து உங்கள் கணக்கைத் தொடங்கலாம்.